‘பேசும் தலை’யை விட்டுவிடலாம்

“படம் முழுக்கப் பேசும் தலைகள்” என்று ஆவணப்பட விமர்சனங்களில் எழுதுகிறார்கள். ‘டாக்கிங் ஹெட்’டை அப்படியே தமிழில் இறக்கியதன் விளைவு இது. தலையும் தோளும் மட்டும் தெரிய ஒருவரைப் பேசவைத்து எடுக்கும் ஷாட்டுக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் வைத்த பெயர், பின்பு அப்படிப் பேசும் ஆளுக்கும் ஆகிவந்தது. 1975இல் நியூயார்க்கில் தொடங்கிய ராக் இசைக்குழு ஒன்றும் இதையே தன் பெயராக எடுத்துக்கொண்டது.

சரி, தமிழில் தலை ஆளைக் குறிக்காதா? குறிக்கும். தலைக்கு நூறு ரூபாய் போடுவோம், தலைக்கட்டு வரி வசூலிப்போம், ஊர்ப் பெருந்தலை என்போம். ஆனால் ‘பேசும்’ என்று முன்னால் சேர்த்ததும் உடலைவிட்டுப் பிரிந்த தலைதான் கண்ணுக்குள் வருகிறது. களப்பலியான பிறகும் 18 நாள் போரைப் பார்த்த அரவானின் தலையைக் கூத்தில் கண்டவர்களுக்கு வேறெது தோன்றும்?

அதைவிட மோசம், ஆங்கிலச் சொல்லில் ஒட்டியிருக்கும் ஏளனமும் கூடவே வந்துவிடுவது. யூத இனப்படுகொலையைப் பற்றி க்ளோத் லான்ஸ்மான் எடுத்த ‘ஷோவா’ ஆவணப்படம் 1985இல் வந்தது. ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அந்தப் படத்தில் பழைய ஆவணக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது, பெரும்பாலும் ஆட்கள் பேசுவதுதான். நாஜிகளின் ட்ரெப்ளிங்கா வதைமுகாமில், சாகப்போகும் பெண்களின் கூந்தலை வெட்ட வைக்கப்பட்ட ஆப்ரஹாம் போம்பா, ஒரு சலூனில் கத்தரியை ஓட்டிக்கொண்டே அதைச் சொல்கிறார். ஓரிடத்தில் அவருக்குப் பேச்சு வரவில்லை. முடியவில்லை என்கிறார், சொல்லித்தான் ஆகவேண்டும் என்கிறார் லான்ஸ்மான். இந்த மனிதரையா தலை என்பது? அவர் சாட்சி. தமிழில் தயாராக இருக்கும் சொல்லை ஏன் எடுக்கக் கூடாது?

துறை அறிந்து கருத்துச் சொல்ல வருபவருக்கு ‘வர்ணனையாளர்’ பொருந்தாது. அவர் கிரிக்கெட்டில் நடப்பதை நடக்கும்போதே சொல்பவர். விவாதத்தை நடத்துபவர் நெறியாளர். ‘கருத்தாளர்’ என்றால் ஆசிரியர் பயிற்சிக்கு வந்து வகுப்பெடுப்பவரை நினைத்துக்கொள்வார்கள். வழக்குரைஞர் என்ற சொல் ஊன்றிவிட்டதே, அதே வழியில் ‘கருத்துரைஞர்’ என்போம். கேட்டதும் விளங்குகிறது.

அப்புறம் அந்த ஷாட். மார்பளவுச் சிலை என்று எல்லோரும் சொல்கிறோம். ‘மார்பளவுப் பேட்டி’ என்றால் யாருக்குப் புரியாது? படம் அலுப்பாக இருந்தால் “மார்பளவுப் பேட்டிகளாகவே அடுக்கியிருக்கிறார்” என்று இயக்குநரைத் திட்டட்டும். பேச வந்தவர் என்ன செய்வார்?