தண்ணீர் பட்டதும் சாக்லேட் ஏன் இறுகுகிறது?

பிஸ்கட்டை முக்கி எடுக்க சாக்லேட்டை உருக்கினேன், தடிமனாக அப்பிக்கொண்டது, இளகட்டும் என்று ஒரு ஸ்பூன் பால் விட்டதும் மொத்தமும் கட்டியாகிவிட்டது, ஏன் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கெட்டியான எதையும் தண்ணீரோ பாலோ விட்டுத்தானே இளக்குவோம்? நியாயமான கேள்விதான்.

உருகிய சாக்லேட் பார்வைக்குத்தான் திரவம். நல்லெண்ணெய் விட்டுக் குழைத்த இட்லிப் பொடி மாதிரி, அது எண்ணெயில் மிதக்கும் தூள். கறுப்பு சாக்லேட்டில் கோகோ வெண்ணெய், அதாவது கோகோ விதையின் கொழுப்பு, எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மற்றதில் பெரும்பகுதி 0.03 மில்லிமீட்டருக்கும் சிறிய சர்க்கரை, கோகோத் துகள்கள். கொழுப்பு நடுவில் இருந்து வழிவிடும் வரைக்கும்தான் சாக்லேட் ஓடும்.

பாலில் பெரும்பகுதி தண்ணீர். அது கொழுப்போடு சேராது, சர்க்கரையைத் தேடிப் போகும். துகளின் மேற்பரப்பைக் கரைத்துப் பிசுபிசுப்பான பாகாக்கும். இரண்டு துகள்கள் நெருங்கினால் நடுவில் அந்தப் பாகு ஒரு குட்டிப் பாலமாக நிற்க, பரப்பு இழுவிசை இரண்டையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இப்படி லட்சக்கணக்கான பாலங்கள் சேர்ந்தால் அதுதான் வாசகி பார்த்த கட்டி. வேடிக்கை என்னவென்றால், 100 கிராமுக்கு 25, 30 மில்லி என்று தாராளமாக ஊற்றிக் கலக்கினால் மறுபடி இளகிவிடும். ஆனால் அது சாஸ். பிஸ்கட்டின் மேல் மொறுமொறுவென்று உறையாது.

ஆகவே சேர்க்க வேண்டியது கொழுப்பு. கோகோ வெண்ணெய் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் 100 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும். அதற்கு மேல் போனால் ஆறிய பிறகும் கையில் ஒட்டும்: கோகோ வெண்ணெய் 34 டிகிரி வரை தாங்கும், தேங்காய் எண்ணெய் 25 டிகிரியிலேயே உருகிவிடும்.

எனக்குப் பிடித்த ஆள் லெசித்தின். சோயாவிலிருந்து எடுப்பது. அதன் மூலக்கூறுக்குத் தலை ஒன்று, வால் இரண்டு. தலை சர்க்கரையின் மேல் போய் உட்காரும், வால்கள் கொழுப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். துகள் முழுக்க இப்படி ஒரு போர்வை வந்துவிட்டால் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிப் போகும். 100 கிராம் சாக்லேட்டில் 0.3 கிராம் லெசித்தின் செய்யும் வேலைக்கு அதைப்போல் 10 மடங்கு கோகோ வெண்ணெய் தேவைப்படும். அதற்காக அள்ளிப் போடக்கூடாது, 0.5 கிராமைத் தாண்டினால் சாக்லேட் மறுபடி இறுக ஆரம்பிக்கும்.

1879இல் சுவிட்சர்லாந்துச் சாக்லேட் தயாரிப்பாளர் ரொடால்ஃப் லிண்ட் சாக்லேட்டை மணிக்கணக்கில் அரைத்துப் பிசையும் முறையைக் கண்டுபிடித்தார். துகள்களின் உராய்வை வைத்து அதை விளக்கும் ஆய்வு எடின்பரோ பல்கலைக்கழகத்திலிருந்து 2019இல்தான் வந்தது. சாக்லேட்டுக்கெல்லாம் இயற்பியலா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. சிமென்ட் குழம்புக்கும் பீங்கான் குழம்புக்கும் இதே கணக்குதான். இந்த மாதிரி ஆய்வுக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை என்பது என் கட்சி.

இன்னொரு சங்கதி. சாக்லேட் அசையவே ஒரு குறைந்தபட்ச விசை வேண்டும். அது அதிகமாக இருந்தால் தடிமனான துளிகூட வழியாமல் பிஸ்கட்டில் அப்படியே நின்றுவிடும். இதைக் குறைக்கத்தான் தொழிற்சாலைகளில் ஈ476 என்ற எண் கொண்ட உணவுச் சேர்க்கைப் பொருளைச் சேர்க்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ‘விஷ எண்’ பட்டியலில் சுற்றுகிற அந்தப் பொருளின் மூலம் ஆமணக்கெண்ணெய்! எண் கொடுத்திருப்பதே அதைச் சோதித்து அனுமதித்ததால்தான்.

வீட்டில் அதற்குப் பதில் முள்கரண்டி இருக்கிறது. முக்கி எடுத்த பிஸ்கட்டை அதன்மேல் வைத்து, கிண்ணத்தின் விளிம்பில் டக் டக்கென்று நாலு தட்டு தட்டுங்கள். அந்த அதிர்விலேயே தேவையான விசை கிடைத்து, மிச்சச் சாக்லேட் தானாக வழிந்து கிண்ணத்துக்குள் போய்விடும்.