சேவைக்கு ஏன் இலவசப் பட்டம்?

ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றித் தமிழில் எழுத வருகிறவர்கள், ஓர் உறுப்பு நாட்டுக்காரர் இன்னொன்றில் தடையின்றிச் சேவை வழங்கும் உரிமையை (ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ மூவ்மென்ட் ஆஃப் சர்வீசஸ்’) ‘சேவைகளின் இலவச இயக்கம்’ என்று எழுதுவதை இன்னும் எத்தனை நாள் பொறுப்பது? ‘ஃப்ரீ’யைக் கண்டதும் கை தானாக இலவசம் என்று எழுதிவிடுகிறது. மொரீசியசில் வளர்ந்த நமக்கு இந்தக் குழப்பமே வரக்கூடாது, பிரெஞ்சில் ‘லீப்ர்’ (தடையற்ற) வேறு ‘கிராத்துயி’ (இலவசம்) வேறு என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேடிக்கை என்னவென்றால், 1957 ரோம் ஒப்பந்தத்தில் பிறந்து இன்று ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தத்தில் 57ஆம் உறுப்பாக (பிரிவாக) இருக்கும் விதியே, பொதுவாக ஊதியத்துக்குச் செய்து தருவதைத்தான் சேவை என்கிறது. காசே கைமாறாத வேலைக்கு அங்கே இடமில்லை.

சேவை வடமொழியிலிருந்து வந்தது. பிரெஞ்சு ‘செர்வீஸ்’ லத்தீனில் அடிமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து கிளைத்தது. நம்மிடம் கருட சேவையும் சேவைதான், காவடியன்று இலையில் ஏழு கறி பரிமாறுவதும் சேவைதான்.

வடமொழிச் சொல், பக்திக்கும் தொண்டுக்கும் வழங்குவது என்பதால்தான் சிலர் சேவை வேண்டாம், ‘பணிகளின் தடையற்ற நகர்வு’ என்போம் என்கிறார்கள். தூய தமிழ், சரி. ஆனால் பணி என்றால் வேலை, உத்தியோகம் என்றும்தானே படிப்பவர் எடுத்துக்கொள்வார்? ஒப்பந்தமோ இவற்றைக் கவனமாகப் பிரிக்கிறது: போர்த்துகல்காரர் பிரான்சில் ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்குச் சேர்ந்தால் 45ஆம் உறுப்பு, அங்கேயே நிலையாகக் கடை போட்டால் 49, லிஸ்பனில் இருந்தபடியே வந்து ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் 56. மூன்றையும் ‘பணி’ விழுங்கிவிடும். மலிவுக் கூலிக்கு வந்து உள்ளூர்க்காரரின் வேலையைப் பறிப்பார் என்று 2005இல் பிரான்சையே கலக்கிய ‘போலந்துக் குழாய்க்காரர்’ சண்டையும் இந்த எல்லைக்கோட்டைப் பற்றியதுதான், அதைப் பணி என்ற சொல்லை வைத்துக்கொண்டு எப்படி விளக்குவது? சரக்கு, சேவை வரி என்று இந்தியாவில் பேச்சிலேயே ஊறிப்போன பிறகு சேவையைத் துரத்துவது வீண் வேலை.

‘நகர்வு’ம் எனக்கு ஒப்பவில்லை. சேவை எங்கே நகர்கிறது? சில நேரம் செய்பவர் போகிறார், சில நேரம் வாடிக்கையாளர் வருகிறார் (1984இலேயே ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்கும் இந்த உரிமை உண்டு என்றது), தொலைபேசியில் முடிகிற காரியமென்றால் இருவருமே அசைவதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதில் நகர்வே கிடையாது, தடையின்றி வழங்குவது என்றுதான் பொருள். ஆகவே ‘தடையற்ற சேவை வழங்கல்’. கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் தவறாது.

பக்கத்துத் தீவான ரெயூனியனைப் பற்றி எழுதும்போதாவது இதைச் சரியாக எழுதுங்கள். அது பிரான்சின் மாவட்டம் என்பதால் ஒன்றியத்தின் சந்தைக்குள் இருக்கிறது. அந்த லிஸ்பன்காரர் ரெயூனியன் தலைநகர் சேன் தெனிக்கும் இந்த உரிமையோடு வரலாம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் போர்ட் லூயிஸ் மின்பணியாளருக்கு, மொரீசியஸ் குடியுரிமை மட்டும் கையில் இருந்தால், அது கிடையாது. ‘இலவச இயக்கம்’ என்று படித்த எந்த வாசகருக்கு இது புரியப்போகிறது?