வேக வரம்பு மீறல்: காவல்துறை உண்மையில் எவ்வளவு கறார்?

கடலூரில் மோட்டார் வாகன விபத்து வழக்குகளை நடத்தி வருபவன் என்பதால், "புதுச்சேரி ரோட்டில் ஸ்பீடுக்கெல்லாம் நிஜமாகவே கேஸ் போடுகிறார்களா, சார்?" என்ற கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். அபராதத் தகவல் கைபேசிக்கு வந்துவிட்ட அதிர்ச்சியில் கேட்பவர்களும் உண்டு. பல வருடங்களாக எதுவும் வராத தைரியத்தில் கேட்பவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான். ஹெல்மெட் அணியாதவரிடம் காட்டும் கறாரைக் காவல்துறை வேகமாகச் செல்பவரிடம் காட்டுவதில்லை. இதை மெத்தனம் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. இந்த இரண்டு குற்றங்களுக்கும் சட்டம் கேட்கும் சாட்சியமே வேறு வேறு.

தலையில் ஹெல்மெட் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தாலே போதும், வழக்குப் பதியலாம். வேகம் அப்படியன்று. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 183-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு, "இவர் இவ்வளவு வேகத்தில் வந்தார் என்பது என் கருத்து" என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து எவரையும் தண்டிக்கக் கூடாது என்கிறது; அந்தக் கருத்து இயந்திரக் கருவி அல்லது மின்னணுக் கருவி தந்த அளவீட்டின் அடிப்படையில் அமைந்ததாகக் காட்டப்பட வேண்டும். ஆகவே, ஸ்பீடு கன்னோ கேமராவோ கையில் இல்லாத உதவி ஆய்வாளர், கண்ணெதிரே ஒரு வண்டி பறந்து போனாலும் அதன் மீது வேக வழக்கு ஒன்றை உறுதியாக நிலைநிறுத்த முடியாது. கருவியோ எல்லா நிலையத்திலும் இருப்பதில்லை. இருக்கும் கருவியும், தூரத்திலிருந்தே வண்டியைக் குறிபார்க்க வசதியாக நேராக நீளும் நான்கு வழிச்சாலைப் பகுதிகளுக்கே பெரும்பாலும் கொண்டுசெல்லப்படுகிறது. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் நடுவே ஓடும் பழைய கடலூர் சாலையில், ஸ்பீடு கன்னைப் பிடித்து நிற்கவும் இடமில்லை, பிடிபட்ட வண்டியை ஓரங்கட்டவும் இடமில்லை. அங்கே வேகத்தைக் குறைப்பவை, விளம்பரப் பெயர் எழுதிய இரும்புத் தடுப்புகளும் வேகத்தடைகளுமே. ஆட்கள் அதிகம் நடமாடும் இடத்தில் கண்காணிப்புக் குறைவாகவும், நடமாட்டம் குறைந்த அகலச் சாலையில் அதிகமாகவும் இருப்பது இப்படித்தான் நேர்கிறது. இதை முறையான ஏற்பாடு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மின்னணுக் கண்காணிப்புக்காக 136ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அதற்கான நடைமுறை, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதியாக 2021 ஆகஸ்டில் வந்தது. உங்களுக்கு வரும் இ-சலானைப் படிக்கும்போது இந்த விதியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். வண்டி எண் தெளிவாகத் தெரியும் படம், கருவி காட்டிய வேகம், தேதி, நேரம், இடம் ஆகியவற்றோடு, மின்னணு ஆவணத்துக்குரிய சான்றிதழும் இருக்க வேண்டும். அது பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் சொல்லப்பட்டது, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவில் உள்ளது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்று வேண்டும். கண்காணிப்பு நடக்கும் சாலைப்பகுதிக்கு முன்பாக எச்சரிக்கைப் பலகையும் வைத்திருக்க வேண்டும். இவற்றில் ஏதேனும் குறைந்திருந்தால் ஆட்சேபிக்க உங்களுக்கு இடமுண்டு. ஆனால் என்னிடம் சலானோடு வருபவர்களில் பலர், படத்தில் வேகம் தெளிவாகப் பதிவாகியிருக்கும்போதே "எப்படியாவது ரத்து செய்யுங்கள்" என்பவர்கள். அவர்களிடம் அபராதத்தைக் கட்டிவிடும்படிதான் சொல்லுகிறேன்.

எந்த எண்ணை மீறினால் குற்றம் என்பதிலேயே பலருக்குக் குழப்பம் இருக்கிறது. மத்திய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கை, விரைவுச்சாலையில் கார்களுக்கு மணிக்கு 120 கிலோமீட்டர் என்றும், நடுவே தடுப்புள்ள நான்கு வழிச்சாலையில் 100 என்றும், மற்ற சாலைகளில் 70 என்றும் உச்ச வரம்புகளை நிர்ணயித்தது. வேகம்தான் விபத்துக்குப் பெருங்காரணம் என்று சுட்டிக்காட்டிச் சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு ஒரு விபத்து இழப்பீட்டு மேல்முறையீட்டில் பிறந்தது என்பதை என் போன்ற வழக்கறிஞர்கள் மறக்க மாட்டோம். எந்த அறிவிக்கையானாலும் அதில் வரும் எண்கள் உச்ச வரம்புகள்தாம். 112-ஆம் பிரிவின்படி மாநில அரசோ அதிகாரம் பெற்ற அலுவலரோ குறிப்பிட்ட சாலைக்கோ பகுதிக்கோ இன்னும் குறைவான வேகத்தை விதித்துப் பலகை வைக்கலாம். சிவப்பு வளையத்துக்குள் 40 என்று எழுதியிருந்தால், அந்த இடத்தில் சட்டம் 40தான். "நான்கு வழிச்சாலைதானே, நூறு போகலாமே" என்ற வாதத்தை எந்த நீதிமன்றமும் கேட்காது.

தண்டனை விஷயத்துக்கு வருவோம். இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, நடுத்தர மற்றும் கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை அபராதம். இரண்டாம் முறை பிடிபட்டால் ஓட்டுநர் உரிமமே கைப்பற்றப்படும். கோயம்புத்தூர் எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, வேக வரம்பை மீறுபவரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு இடைநீக்கம் செய்ய வேண்டும் என்று 2015-இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. காரில் வருபவருக்கு ஆயிரம் ரூபாய் ஒரு வேளை ஓட்டல் செலவு. வாடகைக் கார் ஓட்டுபவருக்கு மூன்று மாத இடைநீக்கம் என்பது மூன்று மாத வருமானம். ஒரே குற்றத்துக்கு இந்தச் சட்டம் யாரைக் கடுமையாகத் தாக்குகிறது என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டிவிட்டால் மாநிலம் மாறிவிடுகிறது, அதனால் அந்தப் பக்கத்து வழக்கு இந்தப் பக்கம் ஒட்டாது என்ற நம்பிக்கையும் நம் பகுதியில் பரவலாக உள்ளது. காவல்துறை இரண்டுதான், ஆனால் வாகனப் பதிவுத் தகவல் நாடு முழுவதற்கும் ஒரே இணையத் தொகுப்பில் இருக்கிறது. வண்டியை விற்கும்போதோ எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்குப் போகும்போதோதான் பலருக்குப் பழைய சலான்கள் நினைவுக்கு வருகின்றன.

இந்தச் சாலையில் வேகத்தைப் பற்றிப் பேசிவிட்டுத் தனியார் பேருந்துகளைப் பேசாமல் விட முடியாது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தூரம் சுமார் 22 கிலோமீட்டர். பேருந்து நிலையத்தில் "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்று கலெக்‌ஷனுக்காக வண்டியை உறுமவிட்டுக்கொண்டே நிற்பார்கள். பின்னால் வர வேண்டிய வண்டியின் மூக்கு தெரிந்தவுடன் நடத்துநர் பக்கத் தகட்டைத் தட்டுவார், ஓட்டுநர் கிளம்புவார். நிலையத்தில் விட்ட நிமிடங்களைச் சாலையில் பிடித்தாக வேண்டும். அடுத்த நிலையத்தில் டைம் கீப்பரிடம் கையெழுத்து வாங்கத் தாமதமானால் டிரிப் பறிபோகும், அன்றைய பேட்டா குறையும், முதலாளியின் வசவு மிஞ்சும். அதே 22 கிலோமீட்டரை எங்கும் நிற்காமல் 60-இல் போனால் 22 நிமிடம், 80-இல் போனால் பதினாறரை நிமிடம். இந்த ஐந்தரை நிமிடத்துக்காகத்தான் கிருமாம்பாக்கம் கடைவீதியில் எதிரே வரும் பைக்காரர் மண்ணில் இறங்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் சட்டம் நாம் நினைப்பதைவிடக் கூர்மையானது. தன்னிடம் வேலை பார்ப்பவரை வேக வரம்பை மீறி ஓட்ட வைக்கும் முதலாளியும் குற்றவாளி என்கிறது 183-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு. 4-ஆம் உட்பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஒரு பயணத்தை இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று கால அட்டவணை வெளியிட்டாலோ உத்தரவிட்டாலோ, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் முடிக்க இயலாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த அட்டவணையே அதை வெளியிட்டவர் மீதான குற்றத்துக்கு முதல்நோக்குச் சாட்சியமாகும். ஸ்பீடு கன் இல்லாமல், பேனாவும் கடிகாரமும் கொண்டே நிரூபிக்கக்கூடிய வேக வழக்கு இது. அப்படியிருந்தும் இந்த உட்பிரிவின் கீழ் தொடுக்கப்பட்ட வழக்கு ஒன்றைக்கூட நான் நீதிமன்றத்தில் பார்த்ததில்லை. ஓட்டுநர் சாலையில் நிற்கிறார், கை நீட்டினால் அகப்படுகிறார். அட்டவணை அலுவலகக் கோப்பில் இருக்கிறது.

சாலையில் அளக்கப்படாத வேகம், விபத்து நடந்த பிறகு காகிதத்தில் தாராளமாக எழுதப்படுகிறது. எங்கள் பகுதி முதல் தகவல் அறிக்கைகளில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வரி இல்லாத விபத்து வழக்கை நான் கண்டதில்லை. அந்த வரியில் வேகத்தின் எண் இருக்காது. சாட்சிக் கூண்டில் ஏறும் ஓட்டுநரோ, பேருந்து ஓட்டியவரானாலும் டிப்பர் ஓட்டியவரானாலும், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மட்டுமே வந்திருப்பார். இந்த மாவட்டத்தில் இத்தனை ஒழுக்கமான ஓட்டுநர்கள் இருந்தும் விபத்து எப்படி நடக்கிறது என்று எனக்குச் சில சமயம் வியப்பாக இருக்கும். எண் இல்லாத இந்த வரியின் விளைவு குற்றவியல் நீதிமன்றத்தில் தெரியும். கர்நாடக மாநிலம் எதிர் சதீஷ் என்ற 1998-ஆம் ஆண்டு வழக்கில், அதிவேகம் என்பது ஒப்பீட்டளவிலான சொல், எவ்வளவு வேகம் என்று தோராயமாகக்கூடச் சாட்சிகள் சொல்லாத நிலையில் அதை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பைக் காட்டி விடுதலை பெற்ற ஓட்டுநர்கள் ஏராளம். ஆனால் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நிலைமை வேறு. அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை; எது நடந்திருக்க அதிக வாய்ப்புள்ளது என்று பார்த்தால் போதும். குற்றவியல் வழக்கில் விடுதலையான அதே ஓட்டுநரின் கவனக்குறைவுக்காகத் தீர்ப்பாயம் இழப்பீடு விதிப்பது சாதாரணமாக நடக்கிறது.

அடிபட்டவரே வேகமாக வந்திருந்தால், பங்களிப்பு அலட்சியம் என்ற பெயரில் அவருடைய இழப்பீட்டில் ஒரு பகுதி வெட்டப்படும். யாரும் மோதாமல் தானே மீடியனில் மோதி இறந்துபோன இளைஞனின் குடும்பத்துக்கு, இழப்பீடு கோரும் 166-ஆம் பிரிவின் கீழ் எதுவுமே கிடைக்காது, ஏனெனில் தன் தவற்றுக்காகத் தானே இழப்பீடு கேட்க முடியாது. பைக் அவன் பெயரிலேயே இருந்து, செல்லுபடியாகும் உரிமமும் இருந்து, கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடும் எடுத்திருந்தால் 15 லட்சம் ரூபாய் வரும். அண்ணன் பெயரில் உள்ள பைக்கை எடுத்துப் போனவன் என்றால் அதுவும் சிக்கலாகிவிடும். பதினெட்டு, இருபது வயது மகனைப் பறிகொடுத்துவிட்டு வரும் பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்வதுதான் இந்தத் தொழிலில் மிகக் கடினமான வேலை.

வேகத்தின் எண் தெரியாது என்று கைவிட வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உலர்ந்த சாலையில், நல்ல டயருள்ள கார் ஒன்று, ஓட்டுநர் சுதாரிக்கும் ஒன்றரை விநாடியையும் சேர்த்து, 60-இல் வந்தால் ஏறத்தாழ 45 மீட்டரில் நிற்கும். 80-இல் வந்தால் 70 மீட்டர் வேண்டும். 100-இல் வந்தால் 100 மீட்டரை நெருங்கும். விபத்து நடந்த இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் பார்வை மகஜரில் டயர் தேய்ந்த தடத்தின் நீளம் ஒழுங்காக அளந்து எழுதப்பட்டிருந்தால் வேகத்தை ஓரளவு கணக்கிட்டுவிடலாம். 2015 அக்டோபர் முதல் பெரும்பாலான போக்குவரத்து வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். பொதுவாக 80 கிலோமீட்டர், பள்ளிப் பேருந்து, டிப்பர், டேங்கர் போன்றவற்றுக்கு 60 கிலோமீட்டர். எஃப்.சி. அன்று மட்டும் வேலை செய்யும் கருவிகளும் உண்டு என்பது இத்தொழிலில் உள்ளவர்கள் அறிந்ததே. ஆகவே விபத்துக்குப் பின் வாகன ஆய்வாளர் தரும் அறிக்கையில் பிரேக் பற்றிய வரியோடு, அந்தக் கருவியின் நிலை பற்றிய வரியும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். 2019 ஜனவரி முதல் பதிவாகும் பொதுப் பயணியர் வாகனங்களுக்கு இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி கட்டாயமாக்கப்பட்டது, அதன் பதிவில் நேரமும் வேகமும் இருக்கும். சாலையோரக் கடைகளின் சிசிடிவி பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்து, மேலே புதிய பதிவு ஏறிவிடும். எனவே இறந்தவரின் காரியம் முடியட்டும் என்று காத்திருக்காமல், குடும்பத்தில் நிதானமாக இருக்கும் ஒருவர் முதல் வாரத்திலேயே விசாரணை அதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாக மனுக் கொடுத்து, அந்தக் கடையின் பெயரையும் கேமரா இருக்கும் திசையையும் குறிப்பிட்டு, அந்தப் பதிவையும் பேருந்தின் ஜி.பி.எஸ். பதிவையும் கைப்பற்றும்படி கேட்டு, மனுவின் நகலில் நிலைய முத்திரையோடு ஒப்புகையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.