சதை ஏன் தானாகத் துடிக்கிறது?

பல்லி விழுந்த பலனைப் போலவே உடம்பு துடித்த பலனையும் பஞ்சாங்கத்தில் போட்டிருப்பார்கள். ஆணுக்கு வலக்கண் துடித்தால் நல்லது, பெண்ணுக்கு இடக்கண். பாட்டி சொன்ன பலன் பலித்ததோ இல்லையோ, யாருடைய தூக்கத்தையும் கெடுத்ததில்லை. இன்று கூகுளில் தேடுபவர் நாலாவது வரியில் ஏ.எல்.எஸ். என்ற கொடிய நரம்பு நோயைப் படித்துவிட்டு விடியவிடியக் கெண்டைக்காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பு செல் ஒவ்வொன்றிலிருந்தும் நீண்ட இழை ஒன்று புறப்பட்டுத் தசைக்குள் பல கிளைகளாகப் பிரிகிறது. கிளை நுனியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்ததும் அதைத் தொட்டிருக்கும் தசைநார் சுருங்கும். கண்ணை உருட்டும் தசையில் ஒரு செல்லின் பொறுப்பில் பத்து நார்கள் இருந்தால் அதிகம். கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். மூளை எதுவும் சொல்லாமலே இந்த இழை, பெரும்பாலும் நுனிப்பக்கத்தில், தானாக ஒரு மின்துடிப்பைக் கிளப்பிவிட்டால் அந்தக் கொத்து முழுவதும் ஒருசேரச் சுண்டும். தோலுக்கடியில் புழு நெளிவது போலத் தெரிவது அதுதான். ஒரு கொத்துக்குக் காலையே அசைக்கும் பலம் கிடையாது. (தூக்கம் கண்ணைச் சொருகும்போது உடம்பு தூக்கிவாரிப் போடுகிறதே, அது வேறு கதை. அது மூளையிலிருந்து வருவது.)

தூக்கம் குறைந்தாலும், காபி மிஞ்சினாலும், வழக்கமில்லாமல் ஓடிக் களைத்தாலும் நரம்பு நுனி இப்படிச் சீண்டலுக்கு ஆளாகும். கால்சியம், மக்னீசியம் குறைவு, தைராய்டு மிகையாகச் சுரப்பது, சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். கவலையும்தான். துடிப்பைக் கண்டு கவலை, கவலையால் இன்னும் துடிப்பு. இதில் அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் பாடம் படித்த மருத்துவ மாணவர்களும் மருத்துவர்களும் என்பது வேடிக்கை.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பரிசோதித்து, தீங்கற்ற துடிப்பு என்று முடிவு சொல்லப்பட்ட 121 பேரை 2 முதல் 32 ஆண்டுகள் வரை கவனித்திருந்தார்கள். ஒருவருக்குக்கூட ஏ.எல்.எஸ். போன்ற இயக்க நரம்பு நோய் வரவில்லை.

ஏ.எல்.எஸ். நோயிலும் சதை துடிக்கும். ஆனால் அங்கே நரம்பு செல்களே மடிகின்றன. அதனால் பலம் போகும். சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்காது. நடக்கும்போது செருப்பு காலைவிட்டு நழுவும். பேச்சு குழறும், தண்ணீர் குடித்தால் புரையேறும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், துடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குதிகாலால் நாலடி, நுனிக்காலால் நாலடி நடந்து பாருங்கள். முன்பு முடிந்தது இப்போது முடியவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

இமைத் துடிப்பு சில வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, கன்னத்துக்கும் வாயோரத்துக்கும் இறங்கினாலோ காட்டிவிடுவது நல்லது. முகநரம்பை ஒரு ரத்தக்குழாய் அழுத்திக்கொண்டிருக்கலாம். அதற்கு போட்டாக்ஸ் ஊசி இருக்கிறது.

ஆனால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாத துடிப்பு ஒன்று நம் வயல்களில் இருக்கிறது. வேலை முடிந்த அசிட்டைல்கோலினை உடனே சிதைப்பதற்கென்று உடம்பில் ஒரு நொதி உண்டு. மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடும். அசிட்டைல்கோலின் தேங்கத் தேங்க, சதை அங்கங்கே துடிக்கும். வியர்வை கொட்டும், எச்சில் ஊறும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், பிறகு மூச்சு திணறும். மருந்தடித்துவிட்டு வந்தவருக்கு இப்படி இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். வண்டி வருவதற்குள், கையுறை இருந்தால் மாட்டிக்கொண்டு, நனைந்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். மருந்து டப்பாவின் பெயர்ச்சீட்டு தெரியும்படி ஒரு படம் எடுத்துப் போனால், என்ன விஷம் என்று மருத்துவர் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.