மீநுண்துகள்: சொல்லும் பொருளும்

'குள்ளன்' எனப் பொருள்படும் 'நானோஸ்' என்ற கிரேக்கச் சொல்லே 'நானோ'வின் வேர். நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாக, பன்னாட்டு அலகு முறை 1960-இல் இதை ஏற்றது. ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தனிகுச்சி 1974-இல் 'நானோ தொழில்நுட்பம்' என்ற பெயரை முன்வைத்தார். பொதுவாக, 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ளவை நானோ துகள்கள்.

தமிழில் சிலர் இதை 'நுண்துகள்' என்று எழுதுகிறார்கள். அது குழப்பும். காற்று மாசில் 2.5 மைக்ரோமீட்டர், அதாவது 2,500 நானோமீட்டர் துகளையும் நுண்துகள் என்றுதானே சொல்கிறோம்? 'மீயொலி' போல 'மீ' சேர்த்த 'மீநுண்துகள்' சரியான சொல். பேச்சில் 'நானோ துகள்' இருந்துவிட்டுப் போகட்டும். பாடநூலில் அளவு பிசகக் கூடாது.

ஏனென்றால் கிருமிகளைக் கொல்லும் வேலையைச் செய்வதே அந்த அளவுதான். ஒரு சென்டிமீட்டர் கனசதுர வெள்ளிக்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் 600 சதுர மீட்டர் ஆகிவிடும்! அத்தனை பரப்பிலிருந்தும் வெள்ளி அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) கசியும். அவை பாக்டீரியாவின் சவ்வைச் சிதைக்கும். புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு நொதிகளை முடக்கும். செல்லுக்குள் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்கும்.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தான பெனிசிலின் அப்படியல்ல. செல்சுவரைக் கட்டும் நொதிகளே அதன் குறி. மருந்தை உடைக்கும் நொதி ஒன்றைப் பாக்டீரியா உண்டாக்கிவிட்டால் போதும், தப்பிவிடும். இந்த 'மருந்தெதிர்ப்பு' பெற்ற பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. (இதை 'எதிர்ப்பு சக்தி' என்று எழுத வேண்டாம். அது நம் உடலுக்கு உரியது.) பல முனைகளில் ஒரே நேரத்தில் தாக்கும் மீநுண்துகள்மீது ஆய்வாளர்கள் நம்பிக்கை வைப்பது இதனால்தான். வெள்ளி சேர்த்த காயக்கட்டுகள் இப்போதே புழக்கத்தில் இருக்கின்றன.

ஆனால் 'கிருமிகள் இதற்கு மட்டும் பழகவே பழகாது' என்ற விளம்பரப் பேச்சை நம்பாதீர்கள். மீநுண் வெள்ளியைத் தொடர்ந்து எதிர்கொண்ட ஈ.கோலை பாக்டீரியா, நீந்த உதவும் வால் போன்ற தன் கசையிழையின் புரதமான ஃபிளாஜெலினை வெளியிட்டுத் துகள்களைத் திரளவைத்ததை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. திரண்டபின் அவை மீநுண்துகள்களாக இல்லை. கொல்லும் திறனும் குறைந்துபோனது. மாதுளைத் தோல் சாறு ஃபிளாஜெலின் உற்பத்தியைத் தடுத்தபோது, அந்தத் திறன் திரும்பியது.