எஸ்டிமேட்டில் இல்லாத யானை

மலைச்சாலை வேலையிலேயே 20 வருடம் ஓடிவிட்டது. சாலையே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி முற்றினால், 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித்தான் பொள்ளாச்சிக்குக் கொண்டுவர வேண்டும். அவருக்குச் சாலை நன்றாக இருந்தே ஆகவேண்டும்.

ஆனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். ஊர்ப்பெயர் வேண்டாம். மண் சரியாமல் இருக்க, மலைப்பக்கம் 2 மீட்டர் உயரத்தில் தடுப்புச்சுவர் கட்டினோம். இடைவெளியே விடவில்லை. முடிந்த சில நாளில் விடிகாலை போய்ப் பார்த்தால், சுவரை ஒட்டி நெடுக யானைச் சாணம். கூடவே சின்னக் கால்தடங்கள். குட்டியை வைத்துக்கொண்டு ஏற வழி தெரியாமல் இரவெல்லாம் தார்ரோட்டிலேயே நடந்திருக்கின்றன. உடன் வந்த வேட்டைத்தடுப்புக் காவலர், "கேட்டிருந்தா தடத்த நாங்களே காட்டியிருப்போமே சார்" என்றார். அப்புறம் கட்டிய சுவரையே உடைத்துச் சரிவு அமைத்தோம். முதலிலேயே இடம் விட்டிருந்தால் சிமெண்ட்தான் மிச்சமாகியிருக்கும்.

சாலையை அகலப்படுத்த மரம் வெட்டுவதிலும் இதே கதைதான். எங்கள் படிவத்தில் மரத்தின் சுற்றளவு எழுதக் கட்டம் உண்டு. எதிர்ப்பக்க மரத்தோடு அது கிளை கோத்திருக்கிறதா என்று எழுதக் கட்டம் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்குக்கு அந்தக் கிளைதான் ரோடு. வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் தேயிலைக்கு நடுவே மிஞ்சிய துண்டுக் காட்டில் அவை வாழ்கின்றன. கிளை தொடர்பு அறுந்த இடத்தில் தரையில் இறங்கி, வண்டியில் அடிபடுகின்றன. அதனால் சாலைக்கு மேலே குறுக்காகத் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். குரங்குகள் அதில் ஏறிக் கடக்கவும் செய்கின்றன. நல்ல வேலைதான். ஆனாலும் அது கட்டுப்போட்ட காயம். கிளை கோத்த இரண்டு மரங்களை விட்டுவைத்து, அந்த 30 மீட்டருக்கு மட்டும் சாலையைக் குறுக்கினால் கட்டே தேவையில்லை. வண்டி கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதானே.

இப்போதெல்லாம் எஸ்டிமேட் எழுதும் முன்னால் காவலரோடும் எஸ்டேட் ஆட்களோடும் ஒரு நடை நடந்து, யானை இறங்கும் இடத்துக்குப் பெயிண்ட்டில் குறி வைத்துவிடுகிறேன். உங்கள் பக்கம் மலைச்சாலையை அகலப்படுத்த வந்தால், வெட்டப்போகும் மரத்துக்கு நம்பர் போடும்போதே, யானைத் தடத்துக்கும் கிளைக்கும் இடம் விடுகிறார்களா என்று போய்க் கேளுங்கள். டெண்டர் போன பிறகு ஒரு மீட்டர் சுவரை மாற்றக்கூட எங்களுக்கு ஆறு கையெழுத்து வேண்டும்.