ஸ்டீரியோ: இரட்டை அன்று, திண்மை

இடமும் வலமுமாக விரிந்து கேட்கும் ஒலியை ஸ்டீரியோ என்கிறோம். அச்சொல்லுக்கு இரண்டு என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள். திருகோணமலை உவர்மலையில் வீட்டு அறையொன்றில் சிந்தசைசரை (ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் கீபோர்டை) ஒலிப்பதிவு செய்துவரும் நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிரேக்கத்தில் 'ஸ்டெரியோஸ்' என்பதற்குக் கெட்டியானது, திண்மையானது என்பதே பொருள். எண்ணுக்கும் அதற்கும் உறவில்லை. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டி ஆழத்தைத் தோற்றுவித்த தமது கருவிக்கு 1838இல் சார்ல்ஸ் வீட்ஸ்டன் ஸ்டீரியோஸ்கோப் என்று பெயரிட்டது இப்பொருளிலேதான். கண்ணுக்கு அவர் செய்ததைக் காதுக்குச் செய்யும் முறைக்கு அலன் புளூம்லீன் 1931இல் இங்கிலாந்தில் காப்புரிமை கோரினார். ஒரே வழியாக வரும் ஒலியைக் குறிக்கும் மோனோவின் மூலமான 'மோனோஸ்' என்பதோ தனி, ஒற்றை.

டச்சுக்குடாக் கரையில் கண்மூடி நின்றால், அலை ஒரு பக்கம் உடையத் தொடங்கி மறுபக்கம்வரை ஓடுவது காதுக்கே தெரியும். அதை ஒரே ஒலிவாங்கியால் பதிந்தால் அலையின் சத்தம் கிடைக்கும். கரையின் நீளம் கிடைக்காது.

ஆதலால் ஸ்டீரியோவுக்கு 'இருதட ஒலி' என்னும் மொழிபெயர்ப்பு பொருந்தாது என்பேன். 1983இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் ஒலியை ஒரே வழியாகத்தான் வெளியே அனுப்புகிறது. அதை இரு தடங்களில் பதிந்தாலும் இரண்டிலும் அச்சொட்டாக ஒரே ஒலிதான் இருக்கும். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் பதிவில் நிமிடத்துக்கு 8.6 மெகாபைட்டாக இருந்த கோப்பு இரு மடங்காகுமே தவிர ஆழம் வராது. மாறாக, ரோலண்ட் ஜூனோ-60 சிந்தசைசரின் கோரஸ் என்னும் ஒலிவிளைவு ஒரே ஒலியை இடத்துக்கும் வலத்துக்கும் வெவ்வேறாக அசைத்து அனுப்புவதால், அதற்கு இரண்டு வயர்களும் வேண்டும். பல கீபோர்டுகளின் பின்புறம் 'எல்/மோனோ' என்று எழுதிய துளையில் மட்டும் வயரைச் செருகினால், கருவி இருபக்க ஒலியையும் உள்ளேயே கலந்து ஒன்றாக்கிவிடும். அப்போது ஒன்றுக்கொன்று எதிரான அலைகள் தேய்ந்து, விரிந்து கேட்ட ஒலி மெலிந்துபோவதுண்டு.

நமது பாடசாலைக் கணித நூல்கள் சதுரமுகியையும் கனவுருவையும் திண்மங்கள் என்கின்றன. அந்தத் திண்மையையே எடுத்து, திண் + ஒலி = திண்ணொலி என்று ஸ்டீரியோவை வழங்கலாம். மோனோவுக்குத் தனியொலி என்றால் தனி வாசிப்பென்று மயங்க இடமுண்டு, ஒற்றையொலி தெளிவானது. என் பதிவுகளில் தடப்பெயருக்குப் பின்னால் இப்போது ஓரெழுத்துச் சேர்க்கிறேன்: நடுவில் உறுதியாக நிற்கவேண்டிய பேஸ் என்னும் தாழ்ந்த ஒலிக்கு 'ஒ', பின்னணியில் நீண்டு விரியும் பேடு என்னும் ஒலிக்குத் 'தி'.